புதிய கமராவா, பாவித்த கமராவா?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பெரிய தத்துவப் பொருள் அன்று. கடைவாசலில் நிற்கும் ஒரு மனிதனின் ஐயமே அது. கமரா வாங்க விரும்புகிறவர் புதியதை வாங்குவதா, பிறர் பாவித்ததை வாங்குவதா? கேட்பதற்கு இது சிறிய கேள்வி. ஆனால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் சில வேளைகளில் இக்கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன்னர், கெலிஓயாவிலுள்ள என் இல்லத்துக்கு ஒரு தாயும் மகனும் வந்தார்கள். மகன் எங்கள் பாடசாலையில் உயர்தரம் வரை கற்றவன். தாய் அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். பாடசாலையை விட்டபின், திருமண வீடுகளில் படமெடுக்கும் ஒருவரிடம் அவ்விளைஞன் ஈராண்டு உதவியாளனாக இருந்து தொழிலைப் பழகியிருந்தான். இனித் தனியே தொழில் தொடங்க வேண்டும். அதற்குச் சொந்தமாக ஒரு கமரா வேண்டும்.

"சேர், புதுக் கமராவா இருந்தாத்தான் நம்பி வேலை குடுப்பாங்க" என்றான் மகன்.

தாய் தம் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டு, "இத அடகு வச்சா பாதிக்கு மேல தேறும்னு சொல்றாங்கய்யா. வைக்கலாமா, வேணாமா? நீங்க சொல்றபடி செய்றோம்" என்றார்.

நேயர்களே, நான் கலைப்பட்டதாரி. கமராவின் நுட்பங்களை முறையாகக் கற்றவன் அல்லன். ஆயினும், பாடசாலைக்கென இருமுறை கமராக் கருவிகள் வாங்கி, ஒருமுறை ஏமாந்தவன். ஏமாந்தபின் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவையே இவ்விடயத்தில் எனக்குள்ள தகுதி. அவர்களுக்கு நான் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரத் தவணை கேட்டேன். அவ்வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையும், ஈற்றில் அவர்களுக்குக் கூறியதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்டிக்குப் படத்தொழில் புதிதன்று. ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டியில் படக்கூடம் நடத்தி, 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் பழஞ்சின்னங்களைப் படம் பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டுக்கு அவ்விடத்திலேயே மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவ வேண்டியிருந்தது. இன்று அச்சுமை இல்லை. ஆனால், கருவியின் விலை என்னும் சுமை மட்டும் நீங்கவில்லை.

நம் நாட்டில் கமரா உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆதலின் அதன் விலை டொலரின் விலையோடு ஏறியிறங்குகிறது. 1970ஆம் ஆண்டு முதல் 1977ஆம் ஆண்டு வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அக்காலத்தில் இருந்த கமராவைத் துடைத்து, பழுது பார்த்து, தந்தையிடமிருந்து மகன் பெற்றுப் பாவிப்பதே வழக்கமாயிற்று. 1977இன் பின்னர் சந்தை திறந்துவிடப்பட்டதும் அவ்வழக்கம் மெல்லத் தளர்ந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டில் 500 டொலர் பெறும் ஒரு கமராவை எண்ணிப் பாருங்கள். வரிகளைச் சேர்க்காமலே, முன்னர் 1 இலட்சம் ரூபாவாக இருந்தது சில வாரங்களில் 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவாகிவிட்டது. கமராவில் ஒரு திருகாணி கூட மாறவில்லை. நம் நாணயம் மாறிவிட்டது. இவ்வாறு, பாவித்த கமராவின் பக்கம் நம் மக்கள் மீண்டும் திரும்பலாயினர்.

இனி, இவ்விரண்டு கொள்வனவுகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைக் காண்போம். புதிய கமராவை வாங்குகிறவர் கருவியை மட்டும் வாங்குவதில்லை. "பழுதுபட்டால் நாங்கள் பொறுப்பு" என்னும் உத்தரவாதத்தையும் சேர்த்தே வாங்குகிறார். மிகுதியாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குரியது. பாவித்த கமராவை வாங்குகிறவருக்கு அவ்வாக்குறுதி பெரும்பாலும் இல்லை. அவர் முன்னைய உடைமையாளரின் பராமரிப்பை வாங்குகிறார். அவர் அதனைப் பேணியிருந்தால் அந்தப் பேணுதல் நமக்கு வந்து சேரும். அவர் மழையில் நனைய விட்டிருந்தால் அந்த மழையும் நம் வீட்டுக்கு வந்து சேரும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கமரா எவ்வாறு பாவிக்கப்பட்டது என்பதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஜோர்ஜ் அக்கர்லோஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டில் பாவித்த மோட்டார் வண்டிகளை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவர் பிரித்தறிய இயலாதபோது, அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலையையே கூறுவார். அவ்விலைக்கு விற்க நல்ல பொருளை உடையவருக்கு மனம் வராது. கெட்ட பொருளை உடையவரோ மகிழ்ச்சியோடு விற்பார். இவ்வாறு சந்தையில் கெட்ட பொருள் மலிந்து, நல்ல பொருள் அருகிவிடும் என்று அவர் காட்டினார். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதனை நம் முன்னோர் வேறுவிதமாக அறிந்திருந்தனர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. அப்படியாயின், காசு கொடுத்து வாங்கும் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது அன்றோ? மாட்டுக்குப் பல் எங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவர். கமராவுக்குப் பல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நாம் அறிய வேண்டும்.

கமரா என்று நாம் பொதுவாகக் கூறினாலும், அது இரு பொருள்களின் சேர்க்கை. ஒன்று உடற்பகுதி, மற்றையது அதன் முன்னே பொருத்தப்படும் வில்லை, அதாவது லென்ஸ். இவ்விரண்டும் ஒரே விதமாகப் பழமை அடைவதில்லை. உடற்பகுதி இக்காலத்தில் ஒரு சிறு கணினி. புதிய வகை வந்ததும் பழைய வகையின் விலை இறங்குகிறது. வில்லையோ கண்ணாடி. நன்கு பேணப்பட்ட நல்ல வில்லை பல்லாண்டு உழைக்கும். அதன் விலையும் மெல்லவே இறங்கும்.

அண்மைக்காலத்தில் உடற்பகுதிகளின் விலை இறங்கியதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. நெடுங்காலமாகத் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் பாவித்தவை, உள்ளே ஆடி ஒன்று மேலெழுந்து தாழும் டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள். நிக்கொன், கெனன் ஆகிய இரு நிறுவனங்களும் 2018ஆம் ஆண்டில் அவ்வாடி இல்லாத புதிய வரிசைக் கமராக்களை வெளியிட்டன. தொழில் செய்வோர் பலர் அவற்றுக்கு மாறினர். அவர்கள் கைவிட்ட டி.எஸ்.எல்.ஆர். கமராக்கள் சந்தைக்கு வந்தன. நேற்றுவரை ஆயிரக்கணக்கான திருமணங்களை அழகுறப் படமெடுத்த கருவி, புதியது வந்தது என்பதற்காக இன்று படமெடுக்க மறுப்பதில்லை. பழுதினால் விலை குறைந்த பொருளும் உண்டு. மோகம் மாறியதனால் விலை குறைந்த பொருளும் உண்டு. பின்னையதைத் தேடிப் பிடிப்பவரே பாவித்த பொருளால் பயனடைகிறார்.

இனி என் ஏமாற்றத்தைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணத்தில் பாவித்த வில்லை ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். வெளிப்புறம் கீறலின்றிப் பளபளத்தது. கடைக்காரர் அதனைக் கமராவில் பொருத்தியே காட்டினார். நானும் வெளிச்சமான வீதியை நோக்கி இரண்டு படங்கள் எடுத்து மனநிறைவு கொண்டேன். அவ்வாண்டு பரிசளிப்பு விழா வந்தது. மேடை விளக்குகளை எதிர்நோக்கி எடுத்த படங்கள் யாவும் பனிமூட்டத்தில் எடுத்தவை போலிருந்தன. பிள்ளைகளின் முகங்கள் வெளுத்து, நிறங்கள் மங்கிக் கிடந்தன. பழுது பார்ப்பவர் வில்லையைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தைப் பின்புறமாகப் பாய்ச்சிக் காட்டினார். உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய வெண்ணிற நூல்கள் படர்ந்திருந்தன. பூஞ்சணம்! பரிசுபெற்ற பிள்ளையின் அருகே நிற்பதற்காக ஒரு நாட்சம்பளத்தை இழந்து வந்த பெற்றோர் சிலர் அப்படங்களில் இருந்தனர். அவர்களுக்காக அவ்விழாவை மீண்டும் ஒருமுறை நடத்திக்காட்ட எவராலும் இயலாது. பணம் போனதைவிட அதுவே என் மனத்தை உறுத்தியது.

நேயர்களே, பூஞ்சணம் நம் பகுதிக்கே உரிய பகைவன். கண்டியும் அதன் சூழலும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மகாவலிப் பள்ளத்தாக்கை அண்டி அமைந்தவை. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு. ஆண்டின் இறுதி மாதங்களில் பெய்யும் மழையும் உண்டு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேல் நெடுநாள் நிலைத்து நிற்கும் இடத்தில், இருளில் மூடிவைத்த வில்லையினுள் பூஞ்சணம் முளைக்கும். தோற்பையில் இட்டு அலுமாரியில் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று நாம் எண்ணுகிறோம். பூஞ்சணத்துக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை.

அது ஏன் அத்துணை தீங்கானது? பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். ஒரு வில்லையினுள் பல கண்ணாடிகள் இருப்பதனால் இவ்விழப்பு பெருகும். திரும்பிய ஒளி உள்ளே அலைந்து படத்தை மங்கவைக்கும். இதனைத் தடுக்கவே வில்லைகளுக்கு மிக மெல்லிய பூச்சு இடுகிறார்கள். 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஸ்மக்குலா இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். பூஞ்சணம் சுரக்கும் அமிலம் அப்பூச்சை அரிக்கிறது. நாட்பட்டால் கண்ணாடியையும் அரிக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால் துடைத்து நீக்கலாம். அரித்தபின் பூஞ்சணத்தை நீக்கினாலும் அதன் தடத்தை நீக்க இயலாது.

ஆகையால், பாவித்த வில்லை வாங்கச் செல்பவர் சட்டைப்பையில் ஒரு சிறு டோர்ச் கொண்டு செல்லல் வேண்டும். வில்லையைக் கமராவிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். அதன் ஒளித்துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமாகச் சற்றுச் சாய்வாக ஒளியைப் பாய்ச்சி முன்புறமாகப் பாருங்கள். பின்னர் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இரண்டொரு தூசி இருப்பது குற்றமன்று. நூல் போன்ற கிளைகளும், புகைபோன்ற படலமும் இருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டா என்று கூறிவிடுங்கள். முன் கண்ணாடியில் சிறு கீறல் இருப்பதைக் காட்டிலும் பின் கண்ணாடியில் கீறல் இருப்பது கூடுதல் தீங்கு. ஒளித்துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை ஒட்டிக்கொள்ளும், அதையும் நோக்குங்கள். பின்னர் வில்லையைப் பொருத்தி, துவாரத்தை முழுதும் திறந்து, சுவரில் ஒட்டிய ஒரு செய்தித்தாளைப் படமெடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்துகள் ஏறத்தாழ ஒரே தெளிவுடன் இருத்தல் வேண்டும். ஒரு மூலை மட்டும் மிகக் கலங்கியிருந்தால், அவ்வில்லை கீழே விழுந்து உள்ளே நிலைபெயர்ந்ததாக இருக்கக்கூடும்.

அடுத்து உடற்பகுதி. ஷட்டர் என்னும் திறப்புமூடி ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை திறந்து மூடுகிறது. அது எத்தனை தடவை இயங்கும் என்பதை உற்பத்தியாளர் சோதித்து அறிவிப்பதுண்டு. கெனன் 5டி மார்க் 4 கமராவுக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம் தடவை. நிக்கொன் டி850 கமராவுக்கு 2 இலட்சம் தடவை. கெனன் 1டி எக்ஸ் கமராவுக்கு 4 இலட்சம் தடவை. ஒரு திருமணத்துக்கு 2,000 படங்கள் எடுப்பவர் 50 திருமணங்களிலேயே 1 இலட்சத்தைத் தொட்டுவிடுவார். நிக்கொன் கமராவில் எடுத்த படத்தின் கோப்பிலேயே இவ்வெண்ணிக்கை பதிவாகியிருக்கும். கணினியில் அதனைப் படித்தறியலாம். கெனன் கமராக்கள் பலவற்றில் அதற்கெனத் தனி மென்பொருள் தேவைப்படும். எண்ணிக்கை மிகுந்ததனால் மட்டும் கமரா பயனற்றது என்று கொள்ளற்க. சில, சொன்ன எண்ணையும் தாண்டி உழைக்கும். சில, அதனை எட்டுமுன்னரே நின்றுவிடும். அவ்வெண் விலை பேசுவதற்கு ஒரு சான்று; அவ்வளவே.

படத்தைப் பதிவு செய்யும் ஒளியுணரியையும் சோதிக்க வேண்டும். ஒளித்துவாரத்தை எஃப் 16 என்னும் அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல்நிறப் புள்ளிகள் தெரிந்தால் அவை தூசி. துப்புரவு செய்தால் நீங்கும். கோடுபோல் தெரிந்து, துப்புரவு செய்தும் நீங்காதது கீறல், அக்கமரா வேண்டா. பின்னர் வில்லையின் மூடியை இட்டு, சில விநாடிகள் நீளும் ஒரு படம் எடுங்கள். இருளில் இரண்டொரு ஒளிப்புள்ளி தோன்றுவது இயல்பு. விண்மீன்கள் போல் நிறையத் தோன்றுவது இயல்பன்று. மின்கலம் இடும் அறையைத் திறந்து பாருங்கள். பச்சைநிறக் களிம்போ, திருகாணிகளில் துருவோ இருந்தால் அக்கமரா நீரைக் குடித்தது என்று அறியலாம்.

பொருத்தம் பற்றியும் ஒரு சொல். நிக்கொன் நிறுவனம் 1959ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எஃப் வகைப் பொருத்துவாயும், கெனன் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஈ.எஃப். வகைப் பொருத்துவாயும் பல்லாண்டு நிலைத்தன. ஆதலால் அவற்றுக்குரிய பாவித்த வில்லைகள் ஏராளம். இடையிணைப்பு ஒன்றின் மூலம் அந்நிறுவனங்களின் புதிய கமராக்களிலும் அவற்றைப் பொருத்தலாம். ஆனால், பொருந்தும் யாவும் முழுமையாக இயங்கும் என்று எண்ணற்க. நிக்கொன் டி3500, டி5600 போன்ற சிறிய கமராக்களின் உள்ளே வில்லையை இயக்கும் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய வில்லையை அவற்றில் பொருத்தினால் தானாகக் குவியாது. கையால் திருப்பியே குவிக்க வேண்டும். மணமகள் தலைநிமிரும் கணத்தில் அதற்கு நேரம் இராது.

இவற்றோடு, கருவியைப் போலவே அதன் உரிமையையும் சோதிக்க வேண்டும். முதலில் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதிலுள்ள தொடர் இலக்கமும் கமராவின் அடியிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். களவுபோன பொருளை அறியாது வாங்கினாலும் இழப்பு வாங்கியவருக்கே. தனியாரிடம் வாங்கினால், பகலில், பலர் நடமாடும் இடத்தில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, விற்றதற்கு ஒரு கடிதம் எழுதிப் பெறுங்கள். சோதிக்க விடாத பொருளுக்கு முற்பணம் கொடுக்கலாகாது. கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டின்றி வெளியே வராதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்குதல் வணிகரின் கடமையாகும்.

அவ்வாறாயின் புதிய கமரா வேண்டாதது என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். இச்சோதனைகளைத் தாமும் செய்ய இயலாது, செய்து தரவும் ஆளில்லாதவர் புதியதை வாங்குவதே மேல். புதியதற்கும் பாவித்ததற்கும் விலை வேறுபாடு சிறிதாயின், அச்சிறு தொகைக்கு உத்தரவாதம் கிடைப்பது நல்ல பேரமே. ஆனால், அவ்வுத்தரவாதம் யாருடையது என்று கேட்டறிதல் வேண்டும். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர் தரும் உத்தரவாதம் ஒன்று. வேறு வழியாகத் தருவிக்கப்பட்ட கமராவுக்குக் கடைக்காரர் தாமாக எழுதித் தரும் உத்தரவாதம் வேறொன்று. பின்னையது அக்கடை இருக்கும் வரையுமே உயிர்வாழும்.

எவராயினும் புதியதாகவே வாங்க வேண்டியவை சில உண்டு. மின்கலம் பாவிக்கப் பாவிக்கத் தன் ஆற்றலை இழப்பது. அதனைப் பழையதாக வாங்குவதில் பயனில்லை. நினைவட்டை மிக மலிவான பகுதி. ஆனால் ஒரு நாளின் உழைப்பு முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது. மிகப் பழைய பளிச்சொளி விளக்குகள், அதாவது ஃபிளாஷ்கள், சில 250 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கமராவின் இணைப்புக்குள் செலுத்துவன. இக்காலக் கமராவை அவை பழுதாக்கிவிடலாம்.

ஒரு வாரம் கழிந்ததும் தாயும் மகனும் மீண்டும் வந்தார்கள். நான் அவனிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, கலியாண வீட்டில் உன் கமரா நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?"

அவன் விடை கூறவில்லை. புதிய கமராவும் நின்றுவிடக்கூடும். உத்தரவாதம் கமராவைத் திருத்தித் தரும். தாலி கட்டிய கணத்தைத் திருப்பித் தராது. ஆகவே, திருமணப் படமெடுப்பவருக்கு வேண்டிய முதற்காப்பு புதுமை அன்று, இரண்டாவது கமரா. ஒரு புதிய கமராவின் விலையில் பாவித்த இரண்டை வாங்கக்கூடுமாயின், அத்தொழிலுக்கு அவ்விரண்டே உகந்தவை.

பின்னர் வெளிச்சத்தைப் பற்றிக் கூறினேன். புதிய கமராவுடன் மலிவாகச் சேர்த்துத் தரப்படும் வில்லைகள், தூரத்தை நெருக்கிப் பிடிக்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறப்பவை. குவியத்தூரம் 50 மில்லிமீற்றரும் துவாரம் எஃப் 1.8உம் உடைய ஒரு சிறு வில்லை, அதனைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். விளக்கு மங்கிய மண்டபத்திலும், தீவட்டி ஒளியில் நகரும் எசல பெரஹராவிலும், கமரா புதிதா பழையதா என்பதைவிட இவ்வேறுபாடே படத்தைக் காப்பாற்றும். அவ்வில்லை, வில்லைகளுள் விலை குறைந்த வகையைச் சேர்ந்தது என்பது நமக்கு நல்வாய்ப்பு.

ஆகவே அவனுக்கு நான் கூறிய விடை இதுதான். உடற்பகுதியைப் பாவித்ததாக வாங்கு. ஆனால் சோதித்து வாங்கு. அச்சிறு வில்லையைப் புதிதாக வாங்கு. பூஞ்சணம் தொடாத கண்ணாடியிலிருந்து உன் தொழில் தொடங்கட்டும். மின்கலமும் நினைவட்டையும் புதியனவாக இருக்கட்டும். இரண்டாவது கமரா வாங்கும் வரை, திருமண நாளுக்கு மட்டும் உன் முன்னைய முதலாளியிடம் ஒன்றை வாடகைக்குக் கேள்.

தாயின் பக்கம் திரும்பி, "அம்மா, சங்கிலி உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும். பிள்ளையின் கைத்திறனுக்கு அடகு தேவையில்லை, பொறுமைதான் தேவை" என்றேன்.

அவன் டோர்ச்சோடு புறப்பட்டான். முதலில் பார்த்த கமராவின் மின்கல அறையில் களிம்பு இருந்தது. இரண்டாவதை விற்க வந்தவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. இரண்டையும் வேண்டா என்று கூறி வந்தான். மூன்றாவதை வாங்க ஏறத்தாழ ஒரு மாதம் சென்றது. அதற்குத் தன் சேமிப்பே போதுமானதாயிற்று. அவன் எடுத்த முதல் திருமணத்தின் படங்களைக் கொண்டுவந்து காட்டினான். என் பரிசளிப்பு விழாப் படங்களில் இல்லாத தெளிவு அவற்றில் இருந்தது. மணமக்களின் வீட்டார் எவரும் கமராவின் வயதைக் கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கூறினான்.

வாங்கியபின் செய்ய வேண்டியதையும் கூறி முடிக்கிறேன். கமராவைத் தோற்பையில் பூட்டி வையாதீர்கள். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், ஈரலிப்பை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். அது ஈரமுற்றதும் உலர்த்தி மீண்டும் இடுங்கள். உள்ளே நூற்றுக்கு 40 முதல் 50 வீதம் வரை ஈரப்பதன் இருப்பது நன்று. அதனை அளக்கும் சிறு மானி மலிவாகக் கிடைக்கிறது. மழையில் நனைந்த கமராவைத் துடைத்து உலர்த்தாமல் பெட்டியில் இடாதீர்கள். அடிக்கடி வெளியே எடுத்துப் பாவியுங்கள். பாவிக்கப்படும் வில்லையில் பூஞ்சணம் எளிதில் குடியேறாது.

இன்று நாம் வாங்கும் புதிய கமராவும் நாளை ஒருவருக்குப் பாவித்த கமராவாகும். அன்று அதனை வாங்க வருகிறவர் ஓர் ஏழைத் தாயின் மகனாக இருக்கலாம். அவன் டோர்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும்போது நம் வில்லை தெளிவாக இருக்கட்டும்.